கப்பலில் தெக்லாவின் பெயர்த் திருநாள்

தெக்லாவுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன் என்று எங்கள் கிரேக்கத் துறைமுகமான பிரேயஸ் பக்கத்தில் மார்தட்டிக்கொள்ளும் ஆள் ஒருவரும் கிடையாது. முயன்று பார்த்தவர்கள் உண்டு. எதிர்க் கடை மீன்காரர் ஒருநாள் காபிக் கடையில் முன்கூட்டியே காசைக் கொடுத்து வைத்தார். தெக்லா போய் விசாரித்து, அந்தக் காசைத் திருப்பி வாங்கி, அவருடைய மீன் தட்டில் ஐஸுக்கு அடியில் செருகிவிட்டு வந்தாள். மத்தி மீனை வழிக்கும்போது சில்லறை விழுந்த கதையை அந்த மனிதர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஊரில் பில்லுக்குச் சண்டை போடாதவர் யார்? சாப்பாட்டு மேசையில் இரண்டு ஆண்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்தால், கொலை விழப்போகிறது என்று வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள். நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நான் கொடுக்கிறேன், இல்லை நான் கொடுக்கிறேன் என்பதுதான் அங்கே நடக்கும் சண்டை. அதிலும் தன் பெயருக்குரிய புனிதரின் திருநாள் வந்துவிட்டால் பேச்சே இல்லை. யாருக்குத் திருநாளோ அவர்தான் வாங்கித் தர வேண்டும். வாழ்த்த வந்தவர் வெறும் வாயோடு போனால் அந்த வருஷம் முழுக்கத் தலை குனிவுதான்.

தெக்லாவுக்கு எலுமிச்சை, ஆரஞ்சு வியாபாரம். எங்கள் சந்தை ஓரிடத்தில் நிற்காது, நாளுக்கு ஒரு தெரு. இன்று கெரட்சீனி, நாளை நிகேயா. புருஷன் லாம்ப்ரோஸ் ஆர்கோஸ் தோட்டங்களிலிருந்து வேனில் பழம் ஏற்றி வருவான், இவள் கூவி விற்பாள். மகளுக்கு லெமோனியா, அதாவது எலுமிச்சை மரம், என்று பெயர் வைத்ததைக் கேட்டு, சரக்கின் பெயரையே வைத்துவிட்டாள் என்று சந்தையே சிரித்தது. அது மாமியாரின் பெயர் என்று அவள் எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லை.

மகள் பள்ளியில் படிக்கும்போதே லாம்ப்ரோஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். கிறிஸ்துமஸுக்குள் இவள் கடை உரிமத்தை விற்றுவிடுவாள் என்று சந்தை ஆண்கள் கணக்குப் போட்டார்கள். தெக்லா வேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டு விளக்குக் கம்பங்களும் ஒரு பாதிரியாரின் மதில் சுவரும் அடி வாங்கின. மதிலைத் தன் செலவில் கட்டிக் கொடுத்தாள். பிறகு இருட்டோடு ஆர்கோஸ் போய், விடிவதற்குள் சரக்கோடு திரும்பி, மகளைப் பாட்ராஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தாள். லெமோனியா இன்றைக்கு மூட்டு வலிக்காரர்களுக்கு இயன்முறை மருத்துவம் பார்க்கிறாள். அவளுடைய சான்றிதழின் நகல் ஒன்று எலுமிச்சைக் கூடைக்கு மேலே பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது. பழம் வாங்க வருகிறவர்கள் அதைப் படிக்காமல் போக முடியாது.

இப்படிப்பட்டவளிடம் கிரெடிட் கார்டு கிடையாது. மகள் படிக்கப் போன வருஷம் ஒரு வங்கிக்குப் போய்க் கேட்டாள். சம்பளச் சீட்டு உண்டா என்றான் அங்கே இருந்தவன். இல்லை என்றாள். அப்படியானால் ஜாமீனுக்கு ஒரு ஆண்பிள்ளையைக் கூட்டி வாருங்கள் என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான். "ஆம்பளை செத்துப்போயிட்டான் தம்பி. அவன் வேனை நான்தான் ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், கார்டு என்ற பேச்சை அதோடு விட்டாள். பிற்காலத்தில் சட்டம் வந்து, சந்தைக் கடைகளிலும் கார்டு தேய்க்கும் இயந்திரம் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். மற்றவர்களுடைய கார்டைத் தேய்த்துப் பழம் கொடுப்பாள். தனக்கு வேண்டியதை மட்டும் உள்பாவாடையில் தைத்த துணிப் பையிலிருந்து நோட்டாக எடுத்துக் கொடுப்பாள்.

இவளைப் பில் சண்டையில் தோற்கடித்தது உலகத்தில் ஒரே ஒருத்திதான். அவள் வெளி ஆள்கூட இல்லை, சொந்தச் சம்பந்தி.

மருமகன் மினாஸ் பல் டாக்டர், தங்கமான பிள்ளை. அவனுடைய அம்மா ஊரானியா தலைமை ஆசிரியரின் விதவை. காதில் முத்து, நாக்கில் தேன். சட்டையைப் பிடித்து இழுக்கிற சண்டையெல்லாம் அவளுக்கு ஒத்துவராது. சாப்பாடு பாதியில் இருக்கும்போது, "முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று மெல்ல எழுந்திருப்பாள். திரும்பி வரும்போது பில் முடிந்திருக்கும். நிச்சயதார்த்தத்தில் அப்படித்தான் நடந்தது. பேரனின் ஞானஸ்நான விருந்திலும் அதே கதை. தெக்லா காவல் காத்துப் பார்த்தாள், பின்னாலேயே போயும் பார்த்தாள். ஒருமுறை சம்பந்தியை முந்துவதற்காகச் சூப்போடு எழுந்து போய், சமையலறை வாசலில் சர்வர்மேல் மோதிக்கொண்டாள். ஒன்றும் பலிக்கவில்லை.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். தெக்லாவால் மறக்க முடியாதது கல்யாணத்தில் நடந்தது. மற்ற செலவையெல்லாம் மாப்பிள்ளை வீடு பார்த்துக்கொள்ளட்டும், வாத்தியக்காரர்களுக்கு மட்டும் நான் கொடுப்பேன் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். லாம்ப்ரோஸ் இருந்திருந்தால் எங்கள் வழக்கப்படி அவன்தான் மகளின் நடனத்துக்கு முன்னால் கிளாரினெட்காரர் நெற்றியில் நோட்டை ஒட்டியிருப்பான். அதற்கென்றே மூன்று குளிர்காலத்து ஆரஞ்சுப் பணத்தைத் தனியாக வைத்திருந்தாள். நடனம் தொடங்குமுன் அவள் நோட்டுக் கட்டோடு எழுந்தபோது, கிளாரினெட்காரர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "அந்த முத்துத் தோடு போட்ட அம்மா எல்லாத்தையும் முடிச்சிட்டாங்களே." அந்தக் கட்டு இன்னமும் செலவாகாமல் இருந்தது.

இந்த வருஷம் செப்டம்பரில் மினாஸ் தம்பதிக்குக் கல்யாணமாகிப் பத்து ஆண்டுகள். பேரனை ஒரு நண்பர் வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு அம்மாக்களையும் அழைத்துக்கொண்டு தீவுகளைச் சுற்றும் கப்பலில் போகலாம் என்றான். அம்மாக்கள் இருவருக்கும் ஒரே அறை. தெக்லா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு நாட்காட்டியைப் பார்த்தாள். புனித தெக்லா திருநாள் கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது வந்தது. நடுக்கடலில் சம்பந்தி எங்கே ஓடிவிட முடியும்? அந்தக் கல்யாண நோட்டுக் கட்டை எடுத்துத் துணிப் பையில் வைத்துத் தைத்துக்கொண்டு, சரி என்றாள்.

முதல் நாள், கப்பல் கிளம்பிய கையோடு, மேல்தளத்தில் நான்கு பேரும் காபி குடித்தார்கள். தெக்லா யாரையும் முந்த விடாமல், பாவாடையைத் திருப்பி நோட்டை எடுத்து நீட்டினாள். சர்வர் அதை வாங்கவில்லை.

"மன்னிச்சுக்கணும்மா. கப்பல்ல கைக்காசு வாங்கறதில்லை. உங்க அறைக் கார்டைக் குடுங்க, அதுல ஏத்திடறோம்."

"அறைக் கார்டுன்னா? கதவு திறக்கிறதா?"

"அதேதான்மா. கதவும் அதான், காசும் அதான்."

"ஆமா அத்தை" என்றான் மினாஸ். "நம்ம ரெண்டு அறைக்கும் என் கிரெடிட் கார்டைக் கொடுத்து வெச்சிருக்கேன். நீங்க என்ன வேணும்னாலும் வாங்கிக்குங்க. கடைசியில எனக்கு வந்துடும்."

தெக்லா நோட்டைப் பிடித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஊரானியா தன் அறைக் கார்டை இரண்டு விரலால் சர்வரிடம் நீட்டினாள்.

"விடுங்க சம்பந்தி. எம்பிள்ளை கார்டு இருக்கிறப்ப நாம எதுக்கு அடிச்சுக்கணும்? வரப்போற உங்க திருநாளுக்கும் இதுலயே ஜமாய்ச்சிடலாம்."

அந்தக் காபியில் சர்க்கரை போட்டார்களா இல்லையா என்றுகூடத் தெக்லாவுக்குத் தெரியவில்லை. சொந்தத் திருநாளில், சம்பந்தி மகனின் காசில், ஊருக்கு வாங்கிக் கொடுக்கிற மாதிரி நடிக்க வேண்டுமா? அதைவிடக் கடலில் குதித்துக் கெரட்சீனிக்கு நீந்திப் போய்விடலாம் என்று தோன்றியது.

ஆனால் விளக்குக் கம்பத்தை இடித்து வேன் கற்றவள் அவள். மறுநாள் காலையில் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் நேரே வரவேற்பு மேசைக்குப் போனாள். அங்கே கல்லிரோயி என்று நாற்பது வயதுப் பெண், சீரோஸ் தீவுக்காரி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்தக் கப்பல்ல எங்காசு செல்லாதாமே. கள்ள நோட்டுன்னு நெனைச்சீங்களா?"

கல்லிரோயி சிரித்தாள். "யார் சொன்னா? கடையிலதான் வாங்க மாட்டாங்க. இங்க என்கிட்ட முன்பணமாக் கட்டுங்க. அறைக் கணக்குல ஏத்திடறேன். கார்டைக் காட்டக் காட்டக் கழியும். தீர்ந்தா மறுபடி கட்டலாம். மிச்சம் இருந்தா இறங்குற அன்னிக்குக் கையில வாங்கிக்கலாம். நெறைய பேர் அப்படித்தாம்மா செய்யறாங்க."

"கிரெடிட் கார்டு இல்லாமலேயா?"

"இல்லாமலேதான்."

தெக்லாவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கேயே திரும்பி நின்று தையலைப் பிரித்து, கல்யாணக் கட்டில் பாதியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னொண்ணு. எங்க அறையில மாப்பிள்ளை கார்டு இருக்கே, அதை எடுத்துடு. இனிமே அந்த அறையில அவர் காசு ஒரு பைசா ஓடக் கூடாது."

"அறை முழுக்கவாம்மா?"

"முழுக்கத்தான். அரைகுறை வேலையெல்லாம் எனக்குப் பிடிக்காது."

அறை தெக்லாவின் பெயரில்தான் எழுதப்பட்டிருந்தது. கல்லிரோயி அவள் சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். அந்த அறையில் தன்னோடு இன்னொருத்தியும் படுத்துத் தூங்குகிறாள் என்பது வீரம் பேசிய வேகத்தில் தெக்லாவுக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு அவள் நடையே வேறு. சந்தைக்குள் முதல் ஆளாக வேனை ஓட்டி வருகிற நடை. தான் குடித்த காபிக்குத் தானே கார்டை நீட்டினாள். சம்பந்தி செய்கிற செலவைப் பார்த்தபோது மட்டும் வயிறு எரிந்தது. ஊரானியா ரோட்ஸ் தீவு வருவதற்குள் தலைமுடியைச் சுருட்டி அலங்காரம் செய்துகொண்டாள். மறுநாள் ஒரு பெண் அவளுடைய காலை எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டாள். அதற்கு அடுத்து ஒரு சென்ட்டு பாட்டில் வாங்கி வந்தாள், அறை முழுக்க மல்லிகை வாசனை.

"பாவம்டி உம்புருஷன்" என்று தெக்லா மகளின் காதில் சொன்னாள். "எத்தனை பேர் பல்லைப் பிடுங்கிச் சம்பாதிச்ச காசு. இந்தம்மா தலையில கொண்டு போய்க் கொட்டுது."

"அவங்க பிள்ளை காசு, அவங்க செலவழிக்கிறாங்க. உனக்கென்னம்மா?"

"எனக்கென்ன? நானா குடுக்கிறேன்?"

திருநாள் வந்தது. காலையிலேயே கப்பலிலிருந்த எங்கள் நாட்டு ஆட்களுக்கெல்லாம் சேதி போய்விட்டது, தெக்லாவே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனால் போகாதா? "நூறு வயசு இருக்கணும் தெக்லா" என்று பாட்ராஸ்காரர்களும் வோலோஸ்காரர்களும் கன்னத்தில் முத்தமிட்டுப் போனார்கள். "சாயங்காலம் மேல்தளத்துக்கு வாங்க. எல்லாம் என் செலவு!" என்று ஒவ்வொருவரிடமும் அவள் அழுத்திச் சொன்னாள். மத்தியானம் எல்லோரும் மேசையில் இருந்தபோது ஊரானியா, "முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள். தெக்லா கண்டுகொள்ளவில்லை. சாப்பாடு கப்பல் கட்டணத்தில் சேர்ந்தது, அதற்குப் பில்லே கிடையாது. எங்கே போய் எதற்குக் கொடுத்துவிடுவாள்?

சாயங்காலம் மேல்தளம் நிரம்பிவிட்டது. மேசை மேசையாக ஊஸோ என்ற சோம்புச் சாராயமும் ஒயினும் பொரித்த கணவாயும் வந்தன. பால் திரட்டு வைத்துச் சர்க்கரைப் பாகு ஊற்றிய பலகாரம் பெரிய தட்டில் வந்தது. பாட்ராஸ்காரர் ஒருவர் மவுத்தார்கன் வாசித்தார், தெக்லா கைக்குட்டையைச் சுழற்றி ஆடினாள். சூரியன் கடலில் இறங்குகிற நேரம், அவள் எல்லோரும் பார்க்கும்படி எழுந்து கார்டை உயர்த்திப் பிடித்தாள்.

"தம்பி, பில்லைக் கொண்டா!"

சர்வர் குனிந்து சொன்னான்: "ஆச்சும்மா. மத்தியானமே முன்கூட்டிக் கட்டிட்டாங்க. இந்தம்மாதான்."

ஊரானியா நாப்கினால் வாயை ஒற்றிக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. உங்க திருநாளுக்கு என் சின்னப் பரிசுன்னு வெச்சுக்குங்களேன்."

லெமோனியா தலையில் கை வைத்துக்கொண்டாள். மினாஸ், "அம்மா, இது கொஞ்சம் அதிகம்மா" என்று முணுமுணுத்தான். கிளாரினெட்காரர் நெஞ்சில் கை வைத்து நின்றது தெக்லாவின் கண் முன்னால் வந்தது. அன்றைக்கு மகளின் கல்யாணம், இன்றைக்குத் தன்னுடைய சொந்தப் பெயர். மிச்சம் எதை விட்டு வைத்திருக்கிறாள் இந்தப் பெண்பிள்ளை?

"முகம் கழுவிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தெக்லா எழுந்தாள். படிகளில் இறங்கும்போது கண்ணீர் வந்துவிட்டது. வரவேற்பு மேசையை இரண்டு கையாலும் தட்டினாள்.

"கல்லிரோயி! மேல்தளத்துல எவளோ கட்டியிருக்கிற காசைத் திருப்பிக் குடு. எங்காசுல எடுத்துக்க. இல்லேன்னா இன்னிக்கு நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

கல்லிரோயி திரையைப் பார்த்தாள். பிறகு தெக்லாவைப் பார்த்தாள்.

"அம்மா, அது உங்க காசுதானே."

"என்னது?"

"ஒரு அறைக்கு ஒரு கணக்கும்மா. டாக்டர் கார்டை முழுக்க எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். அன்னியிலேர்ந்து உங்க கார்டைக் காட்டினாலும் அந்தம்மா கார்டைக் காட்டினாலும் நீங்க கட்டின பணத்துலதான் கழியுது. இந்த விருந்தும் அப்படித்தான். இன்னும் கொஞ்சந்தான் மிச்சம்."

தெக்லா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அந்தத் தலை அலங்காரம்?"

"உங்க காசு."

"கால் பிடிச்சது?"

"அதுவும்."

"மல்லிகை சென்ட்டு?"

"ஐயோ, தெரியாமலா குடுத்தீங்க? புகார் எழுதித் தரீங்களா?"

"புகாரா!" தெக்லா எழுந்து நின்றாள். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் பெட்டியைக் கீழே போட்டார். பத்து வருஷமாக யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத ஊரானியாவுக்கு, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அவளல்லவா செலவு செய்திருக்கிறாள்! இதற்கு மேல் ஒரு திருநாள் உண்டா? தையலைப் பிரித்து, கல்யாணக் கட்டின் மறுபாதியையும் எடுத்து வைத்தாள்.

"இதையும் ஏத்து. இன்னிக்கு மேல்தளத்துலேர்ந்து யாரும் தாகத்தோட எழுந்து போகக் கூடாது. உங்க ஆளுங்களுக்கும் ஆளுக்கு ஒரு தட்டுப் பலகாரம் அனுப்பு."

மேலே திரும்பி வந்தவள் சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய கோப்பையைத் தன் கையால் நிரப்பினாள்.

"நல்லாக் குடிங்க சம்பந்தி. பலகாரம் இன்னொரு துண்டு போட்டுக்குங்க. கூச்சப்படாதீங்க."

இதைப் பெருந்தன்மை என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குத் தெக்லாவைத் தெரியாது. தன் வாயால் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், ஊரானியாவே கண்டுபிடித்தால்தான் ருசி என்பது அவளுக்குத் தெரியும். சந்தையில் பழம் விற்றவளுக்குப் பொறுத்திருக்கத் தெரியாதா?

கப்பல் பிரேயஸ் திரும்பிய காலையில் அந்த நேரம் வந்தது. தலை அலங்காரச் செலவு மகன் கண்ணில் படுவதற்கு முன்னால் தானே அடைத்துவிடலாம் என்று ஊரானியா நைசாக வரவேற்பு மேசைக்குப் போனாள். பெட்டிகளுக்குக் காவலாகச் சோபாவில் உட்கார்ந்திருந்த தெக்லா எல்லாவற்றையும் பார்த்தாள். கல்லிரோயி ஏதோ சொன்னாள். ஊரானியாவின் முதுகு விறைத்தது. கை தானாகப் போய்ச் சுருட்டிய முடியைத் தொட்டது. பிறகு அவள் திரும்பி, மெல்ல நடந்து வந்து, தெக்லாவின் எதிரில் நின்றாள். முகம் காதுவரை சிவந்திருந்தது.

"முடிகூடவா சம்பந்தி?"

"முடி, காலு, வாசனை எல்லாந்தான். அந்தப் பொண்ணு காலை நல்லாப் பிடிச்சாளா?"

"திருநாள் விருந்து..."

"அதைத்தான் நீங்க முன்கூட்டியே கட்டிட்டீங்களே. எங்காசுல."

ஊரானியா கைப்பையைத் திறந்தாள். தெக்லா அதன் வாயைத் தன் கையால் மூடினாள். பழம் சுமந்த கை, அதை விலக்க ஊரானியாவுக்குப் பலம் போதவில்லை.

"இந்தப் பணம் எதுக்கு வெச்சிருந்தது தெரியுமா? கல்யாணத்துல வாத்தியக்காரங்களுக்கு. லெமோனியா அப்பா இடத்துல நின்னு குடுக்கணும்னு மூணு வருஷமாச் சேர்த்தேன்."

ஊரானியா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது. விதவை, பழ வியாபாரம், செலவை எப்படித் தாங்குவாங்கன்னுதான் நெனைச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"முகம் கழுவப் போனவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

ஊரானியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணும் கலங்கியது. கைப்பையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

துறைமுகத்து வாசலில் ஒரு காபிக் கடை. டாக்ஸிக்குக் காத்திருந்த நேரத்தில் நான்கு பேரும் அங்கே உட்கார்ந்தார்கள். கப்பலில் மிஞ்சியதென்று கல்லிரோயி கையில் கொடுத்த சில்லறையும் நோட்டும் தெக்லாவின் முன்னால் மேசைமேல் இருந்தன. பில் வந்தது. மினாஸின் கை சட்டைப் பைக்குப் போனது, மாமியாரின் பார்வையைப் பார்த்ததும் திரும்பி வந்தது. லெமோனியா தன் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது எழுந்திருப்பாள் என்று.

ஊரானியா எழுந்திருக்கவில்லை. காலிக் கோப்பையைத் தட்டில் வைத்து, தெக்லாவின் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"சம்பந்தி, எனக்கு இன்னொரு காபி சொல்லுங்களேன்."